கெட்டிக்காரர் தோற்கும் நாள்

2002 ஜூலை 20, சனிக்கிழமை. ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டு மைதானத்தில் ஓபன் சாம்பியன்ஷிப்பின் மூன்றாம் சுற்று. கடற்காற்றும் குளிர்மழையும் பிற்பகலில் ஆடியவர்களைப் புரட்டி எடுத்தன. அந்த ஆண்டின் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓபன் இரண்டையும் வென்று உச்சத்தில் இருந்த டைகர் வுட்ஸ் அன்று எடுத்தது 81. மறுநாள் அதே மைதானத்தில் அதே மனிதர் 65. கோல்ஃபில் குறைவாக எடுப்பவருக்குத்தான் வெற்றி. ஆக, ஒரே இரவில் 16 ஸ்ட்ரோக் வித்தியாசம்!

இந்தப் பதினாறில் காற்றுக்கு எவ்வளவு பங்கு, வுட்ஸுக்கு எவ்வளவு பங்கு? நேருக்கு நேர் பந்தயம் கட்டுகிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, இந்தக் கேள்வியின்மேல்தான் பணம் வைக்கிறார்கள்.

கோப்பை யாருக்கு என்று கட்டும் பந்தயத்திலிருந்து இது வேறு. பந்தயம் நடத்துபவர் ஆட்டக்காரர்களில் இருவரைப் பொறுக்கி ஜோடி சேர்ப்பார். இன்றைய சுற்றில், அல்லது நான்கு நாளும் சேர்த்து, இந்த இருவரில் யாருக்கு ஸ்கோர் குறைவு? கேள்வி அவ்வளவுதான். ஒருவர் நாற்பதாவதாக, மற்றவர் ஐம்பதாவதாக முடித்தாலும் பந்தயம் தீர்ந்துவிடும். ஒருவர் காலையில் ஆடியிருப்பார், இன்னொருவர் மதியம் ஆடியிருப்பார். தங்களை யாரோ எதிரெதிரே நிறுத்தியிருக்கிறார்கள் என்பதே இருவருக்கும் தெரியாது. பணம் வைத்து மோதுவது கோல்ஃபுக்குப் புதிதும் அல்ல. ஓபன் போட்டி பிறப்பதற்கு 11 ஆண்டுகள் முன்பே, 1849-இல், ஆலன் ராபர்ட்சனும் டாம் மாரிஸும் ஓரணியாக நின்று டன் சகோதரர்களோடு 400 பவுண்டுக்கு ஆடி வென்றார்கள்.

இருவரில் யார் மேல் என்பதை எப்படி அளப்பது? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்க் பிராடி உருவாக்கிய கணக்கு ஒன்று இருக்கிறது. 2011-இல் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரே அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. எட்டு அடி தூரத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ 2.4 மீட்டரிலிருந்து, குழிக்குள் பந்தைத் தள்ள ஒரு தொழில்முறை வீரருக்குச் சராசரியாக ஒன்றரை ஸ்ட்ரோக் ஆகிறது. ஒன்றிலேயே போட்டால் அரை ஸ்ட்ரோக் லாபம்; இரண்டு ஆனால் அரை ஸ்ட்ரோக் நஷ்டம். இப்படி ஒவ்வொரு அடிக்கும் வரவு செலவு எழுதிக் கூட்டினால், சராசரி ஆட்டக்காரரைவிட ஒருவர் ஒரு சுற்றுக்கு எத்தனை ஸ்ட்ரோக் மேல் என்று வந்துவிடும். 2004 முதல் 2012 வரை வுட்ஸ் சராசரியாக ஏறத்தாழ 2.8 ஸ்ட்ரோக் மேலே இருந்தார். அந்த ஆண்டுகளில் வேறு யாருக்கும் எட்டாத உயரம் அது.

என்னை மலைக்க வைப்பது அடுத்த எண்தான். ஒரு தொழில்முறை வீரரின் ஸ்கோர் அவருடைய சொந்தச் சராசரியைச் சுற்றியே நாளுக்கு நாள் ஆடும். அந்த ஊசலாட்டத்தின் திட்ட விலக்கம் ஏறக்குறைய 2.8 ஸ்ட்ரோக். இருவரை ஒப்பிடும்போது இரண்டு பேரின் ஊசலாட்டமும் சேர்ந்துகொள்கிறது. வித்தியாசத்தின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 4 ஆகிவிடும். இதை வைத்துப் போட்டுப் பாருங்கள். சுற்றுக்கு ஒரு முழு ஸ்ட்ரோக் மேலானவர், அதாவது ஒரு போட்டிக்கு நான்கு ஸ்ட்ரோக் மேலானவர், ஒருநாள் மோதலில் பத்துக்கு ஆறுமுறைதான் வெல்வார். அந்த 2.8 ஸ்ட்ரோக் வுட்ஸை ஒரு சராசரி டூர் வீரரோடு நிறுத்தினால்கூட, நாலில் ஒரு நாள் வுட்ஸ் தோற்பார். நான்கு சுற்றையும் கூட்டினால்தான் அவர் கை ஓங்கி, நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு ஆகும். சுற்றுகள் கூடக் கூடத் திறமை நேர்விகிதத்தில் சேர்கிறது. தற்செயலோ வர்க்கமூல விகிதத்தில்தான் வளர்கிறது.

வாழ்க்கையும் இந்தக் கணக்குக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. அதே 2002-இன் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் லா கோஸ்டாவில் 64 பேர் நேருக்கு நேர் மோதிய உலகப் போட்டி நடந்தது. முதல் சுற்று மோதல்கள் 18 குழிகளுக்கு; சமனில் முடிந்தால் கூடுதல் குழிகள். முதல் மூன்று இடங்களில் தரவரிசைப்படுத்தப்பட்ட வுட்ஸ், மிக்கல்சன், டூவால் மூவரும் முதல் நாளே வீட்டுக்குப் போனார்கள். வுட்ஸை வென்ற பீட்டர் ஓ'மாலி பட்டியலில் கடைசி, 64-வது. டூவாலை வென்ற கெவின் சதர்லண்ட் 62-வது. கோப்பையையும் அவரே எடுத்துப்போனார்.

இந்தத் தற்செயல் எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க, குழியைச் சுற்றியுள்ள கிரீனில் குனிந்து அந்த எட்டு அடி தூரத்தைக் கவனித்தால் போதும். குழியின் விட்டம் 10.8 சென்டிமீட்டர், பந்தின் விட்டம் 4.3. மெதுவாக உருண்டு வரும் பந்தின் மையம் குழியின் விளிம்புகளுக்குள் வந்தாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் சலுகை இரண்டு பக்கமும் ஒரு டிகிரிக்குச் சற்று அதிகம், அவ்வளவே. வேகம் கூடினால் அதுவும் குறுகும். வழியில் புல்லின் சாய்வு இருக்கிறது, முன்னே ஆடியவர்களின் காலடிப் பள்ளங்கள் இருக்கின்றன. உலகின் தேர்ந்த கைகளுக்கே இங்கிருந்து பாதிதான் விழுகிறது. பூவா தலையா கேட்பதற்குச் சமம். ஒரே நாளில் இப்படி எட்டு வாய்ப்பு வந்தால், ஒருவருக்கு ஆறு விழும், இன்னொருவருக்கு மூன்று விழும். இருவரும் ஒரே அளவு நன்றாகத் தள்ளியிருப்பார்கள். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சென்ற வாரம் யார் அதிகம் குழிக்குள் போட்டார் என்பதை நம்புவதில்லை. தூரத்து அடிகளைப் பார்க்கிறார்கள். அங்கே திறமை நிலையாக நிற்கிறது.

அப்படிப் பார்த்தாலும் எளிதல்ல. அமெரிக்காவில் இத்தகைய ஜோடிக்கு வழக்கமான விலை 110 டாலர் வைத்தால் 100 டாலர் லாபம். 21 முறை கட்டினால் 11 முறை ஜெயித்தாக வேண்டும். அப்போதும் கையில் மிஞ்சுவது பூஜ்யம். சுற்றுக்கு அரை ஸ்ட்ரோக் மேலான வீரர் ஒருநாளில் ஏறத்தாழ 55 சதவீதம்தான் வெல்வார். அந்த அரை ஸ்ட்ரோக் நிஜமா, வெறும் அதிர்ஷ்டமா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, இருவரும் 250 சுற்றுகளுக்கு மேல் ஆடிக்காட்ட வேண்டும். ஆண்டுக்கு 80, 90 சுற்று ஆடும் வீரர்களுக்கு இது மூன்று வருட உழைப்பு. அதற்குள் ஒருவருக்கு முதுகு பிடித்திருக்கும், இன்னொருவர் வீச்சையே மாற்றியிருப்பார். பந்தயமோ அன்று சாயங்காலமே தீர்ந்துவிடுகிறது.

1977-இல் டர்ன்பெரியில் டாம் வாட்சனும் ஜாக் நிக்லஸும் ஓபனில் மோதினார்கள். முதல் நாள் இருவரும் 68, இரண்டாம் நாள் இருவரும் 70, மூன்றாம் நாள் இருவரும் 65. கடைசி நாளில் வாட்சன் 65, நிக்லஸ் 66. மூன்றாம் இடம் நிக்லஸிடமிருந்தே பத்து ஸ்ட்ரோக் தள்ளி இருந்தது. 72 குழிகளுக்குப் பிறகு அந்த ஒற்றை ஸ்ட்ரோக் எங்கே போயிற்று என்று தேடினால் 71-வது குழியில் கிடைக்கிறது. எட்டு அடிகூட இல்லாத தூரம். நிக்லஸ் தள்ளினார். விழவில்லை.