பூதலூரிலிருந்து மலைக்கோட்டைக்கு என்ன செலவு?

பூதலூர் தஞ்சாவூர் மாவட்டம். ஆனால் கல்யாணத் துணி எடுக்க, பெரிய டாக்டரைப் பார்க்க என்றால் திருச்சிக்கு வண்டியேறுகிற வீடுகளும் உண்டு. அந்தப் பயணத்துக்கு, ஒரு நடைக்கு என்ன ஆகும்?

ரயிலில் திருச்சி ஜங்ஷன் வரை சுமார் 32 கிலோமீட்டர். பாசஞ்சரில் 10 ரூபாய். கொரோனாவுக்குப் பிறகு இதே தூரத்துக்கு எக்ஸ்பிரஸ் கட்டணமாக 30 வாங்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. தினம் போகிறவருக்கு சீசன் டிக்கெட் மாதம் 185. 25 நாள் போய்வந்தால் 50 நடை. நடைக்கு 3 ரூபாய் 70 காசு. டீ விலைகூட இல்லை! சாதாரண டிக்கெட்டில் 35 கிலோ சுமைக்குத் தனிக் காசும் கிடையாது.

பஸ்ஸுக்கு செங்கிப்பட்டி போய் மாறலாம். சாலை வழி ஏறக்குறைய 45 கிலோமீட்டர். 2018 கட்டணப்படி சாதாரண வெளியூர் பஸ் கிலோமீட்டருக்கு 58 காசு, எக்ஸ்பிரஸ் 75 காசு. ஆக 26 முதல் 34 ரூபாய், ஸ்டேஜ் கணக்கில் கொஞ்சம் ஏறும். 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும். வெளியூர் பஸ்ஸில் அவர்களும் காசு கொடுக்கத்தான் வேண்டும்.

உதைப்பது கடைசி 5 கிலோமீட்டர். பாசஞ்சர் இறக்கிவிடுவது ஜங்ஷனில். கடைத்தெருவும் மலைக்கோட்டையும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம். டவுன் பஸ் பிடித்தால் சில்லறையோடு போகும், பெண்களுக்கு அதுவும் இல்லை. ஆட்டோ என்றால்? சென்னைக்கு 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணத்தை (முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25, பிறகு கிலோமீட்டருக்கு 12) இங்கே போட்டுப் பார்த்தால் 63 ரூபாய். பூதலூரிலிருந்து ஜங்ஷன் வந்ததற்கு ஆறு மடங்கு. அதுவும் மீட்டர் போட்டால்!

பைக்கில் லிட்டருக்கு 50 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் 90. டோல் கிடையாது. கார் லிட்டருக்கு 15 கொடுத்தால் 300, டோல் தனி.

ரயில்தான் மலிவு. ஆனால் காத்திருப்புக்கும் விலை உண்டு. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக் கூலி 336. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. கடைசி 5 கிலோமீட்டர் செலவை விட்டுவிட்டால், பைக்குக்கும் ரயிலுக்கும் வித்தியாசம் 80 ரூபாய். பைக்கைவிட ரயிலால் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் போனால் அந்த லாபம் கரைந்துவிடும். பைக்கில் இருவர் போனால் ஆளுக்கு 45 என்பதால், ஐம்பது நிமிஷமே போதும்.