வெட்டி ஒட்டிய சிரிப்பு – 7: அப்பா யார்?

கொலராடோ மலையூர், நாலு பொடியன்கள், ட்ரே பார்க்கரும் மேட் ஸ்டோனும் கலர் பேப்பரை வெட்டி ஒட்டித் தொடங்கிய ‘சவுத் பார்க்’. மீதிக் கதை உங்களுக்கே தெரியும். ஆறே நாளில் ஓர் அத்தியாயத்தை எப்படி முடிக்கிறார்கள் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் 1998 ஏப்ரல் முதல் தேதி குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

அந்த வருடம் பிப்ரவரி 25. முதல் சீசனின் கடைசி அத்தியாயம். தலைப்பு இந்தப் பத்திரிகையில் அச்சேறாது. குண்டுப் பையன் கார்ட்மன் தன் அப்பா யாரென்று தேடுகிறான். ஊரில் பாதி ஆண்கள் மேல் சந்தேகம். டென்வர் பிராங்கோஸ் அணி மொத்தமும் பட்டியலில் இருக்கிறது. பரிசோதனை முடிவு வாசிக்கப்படும் நொடியில் ‘தொடரும்’ போட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 1 ராத்திரி ரசிகர்கள் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் டெரன்ஸும் பிலிப்பும்! தொடருக்குள்ளேயே அந்தப் பொடியன்கள் விழுந்து விழுந்து பார்க்கும் நிகழ்ச்சியின் நாயகர்கள். கனடாக்காரர்கள். குசு விடுவதைத் தவிர வேறு திறமை இல்லாதவர்கள். முழு அத்தியாயமும் அவர்களுக்கே. சதாம் உசேன்கூட வந்துபோனார். அப்பா விஷயம் மட்டும் மூச்சே இல்லை.

ரசிகர்கள் கொதித்தார்கள். ஒரே வாரத்தில் காமெடி சென்ட்ரல் சேனலுக்கு 2,000 மின்னஞ்சல்கள் போயின. டயல்-அப் காலம் அது. போன் லைனைப் பிடித்து, மோடம் கிறீச்சிட்டு முடியும்வரை காத்திருந்து திட்டியிருக்கிறார்கள். முட்டாள்கள் தினம் என்பது ஒருவருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. சேனல் பயந்து, மே மாதம் வரவேண்டிய விடையை ஏப்ரல் 22க்கே இழுத்துவிட்டது.

எனக்கு ஆனந்தம் தந்த இடம் வேறு. 1997 செப்டம்பரில் ஓர் அத்தியாயம். டெரன்ஸ், பிலிப்பின் ஆபாசம் தாங்காமல் சவுத் பார்க்கின் பெற்றோர்கள் சேனலுக்கு எதிராகப் போராட்டத்துக்குக் கிளம்புகிறார்கள். அதைப் பார்த்துச் சிரித்த கூட்டம்தான் ஏழு மாதம் கழித்து அதே இருவர் மேல் புகார் எழுதியது. அந்த ஜோடி பிறந்ததே ஒரு குசும்பில்தான்: ‘இது மட்டமான படமும் குசு ஜோக்கும்தானே’ என்று விமர்சகர்கள் சொன்னார்கள். அப்படியா, நிஜமாகவே அது மட்டும் இருந்தால் எப்படி இருக்கும் பாருங்கள் என்று, வழக்கத்தைவிடக் கோணலாக வரைந்து காட்டினார்கள். பேப்பர் துண்டுக்கு அப்பன் யாரென்று தூக்கம் கெட்ட ரசிகர்களை நான் கேலி செய்ய மாட்டேன். வாரப் பத்திரிகையில் தொடர் எழுதுகிறவன் அந்த 2,000 பேரிடம் பொறாமைதான் படமுடியும்.

விடை? கார்ட்மனின் அம்மாவேதான் அப்பாவும். பன்னிரண்டு வருடம் அதை நம்பவைத்துவிட்டு, 2010இல் அதுவும் பொய், நிஜ அப்பா ஒரு பிராங்கோஸ் ஆட்டக்காரர் என்றார்கள். பட்டியலிலேயே இருந்த ஆள்!

ஆறு நாள் கதை அடுத்த வாரம். 2013 அக்டோபரில் ஸ்டூடியோவில் கரண்ட் போய், அத்தனை வருடத்தில் முதன்முறையாக அவர்கள் கெடுவைத் தவறவிட்டதும் அதில் வரும். இப்போதைக்கு, லே-அவுட்காரர் பின்னால் வந்து நின்றுகொண்டிருக்கிறார்.

(தொடரும்)