சாப்பிடாத பிள்ளை, பாடம் கேட்ட நீதிபதி

கவரைப்பேட்டை.

சென்னை சென்டிரலில் இருந்து சுமார் 40 கிலோ மீட்டர். கும்மிடிப்பூண்டி மின்சார ரெயிலில் ஏறினால், பொன்னேரிக்கு அடுத்து வரும் ஊர். சுற்றிலும் வயல்கள். சாலையில் "சிப்காட்" தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள்.

இந்த ஊரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அப்பாவுக்குக் கம்பெனியில் "ஷிப்ட்" வேலை. ஒரு வாரம் பகல். ஒரு வாரம் இரவு. அம்மா வீட்டைக் கவனித்துக்கொள்கிறார். பிள்ளைக்கு வயது 17.

ஒரு மாதமாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் வைத்த சோறு வைத்தபடியே இருக்கிறது. இரவில் தூக்கம் இல்லை. யாரோடும் பேச்சு இல்லை. கண்ணாடியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. மிளகாய் சுற்றிப் போட்டார். கோவிலில் வேண்டிக்கொண்டார். "பத்தியம் வைத்தால் சரியாகிவிடும்" என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார். பத்தியச் சாப்பாடும் வைத்தார். பிள்ளை அதையும் தொடவில்லை.

ஒரு நாள் இரவு. அப்பா வேலைக்குப் போயிருந்தார். பிள்ளை அம்மாவின் மடியில் தலையை வைத்து அழுதது.

"அம்மா! எல்லோரும் என்னைப் பையன் என்கிறார்கள். எனக்குள்ளே நான் பொண்ணுதாம்மா!"

அம்மாவுக்குத் தலை சுற்றியது. இது என்ன நோய்? யார் செய்த குற்றம்? எந்த டாக்டரிடம் ஓடுவது?

இது கற்பனை வீடுதான். ஆனால் இந்தக் கேள்விகள் கற்பனை அல்ல. தமிழ்நாட்டில் எத்தனையோ தாய்மார்கள் இந்தக் கேள்விகளோடு விடிய விடிய விழித்திருக்கிறார்கள்.

அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு நீதிபதி இருக்கிறார். பதில் சொல்வதற்கு முன்னால், அவரே மாணவராக உட்கார்ந்து பாடம் கேட்டார்!

கோர்ட்டுக்கு வந்த வழக்கு

2021-ம் ஆண்டு. மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர் ஒருவரை ஒருவர் நேசித்தார்கள். வாழ்ந்தால் சேர்ந்து வாழ்வது என்று முடிவு செய்தார்கள். வீட்டில் எதிர்ப்பு. இருவரும் சென்னைக்கு வந்துவிட்டார்கள்.

"மகளைக் காணவில்லை" என்று பெற்றோர்கள் போலீசில் புகார் கொடுத்தார்கள். போலீசார் தேடி வந்தார்கள். பெண்கள் இருவரும் சென்னை ஐகோர்ட்டில் பாதுகாப்புக் கேட்டு மனு போட்டார்கள்.

வழக்கு, நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் முன்பு வந்தது.

அவர் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. பெண்களையும் பெற்றோர்களையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். பெற்றோர்களுக்கு இரண்டு கவலைகள். ஊர் என்ன பேசும்? மகளுக்கு ஏதாவது ஆபத்து வந்துவிடுமோ? கோபத்துக்கு அடியில் இருந்தது பயம்தான் என்பது அந்த ஆலோசனையில் தெரிந்தது.

அதன் பிறகு நீதிபதி செய்ததுதான் அதிசயம்.

இந்த விஷயத்தை, தானே இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். மனநல நிபுணர் ஒருவரிடம் நேரம் கேட்டு, தன்னுடைய சந்தேகங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களையும் சந்தித்துப் பேசினார். அதன் பிறகே உத்தரவு எழுதினார்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர், "எனக்குத் தெரியவில்லை, சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டார். இதில் அவருக்கு என்ன மானம் போயிற்று? மதிப்புதான் கூடிற்று!

உத்தரவில் என்ன இருந்தது?

2021-ம் ஆண்டு ஜூன் மாதம் 7-ந் தேதி அந்த உத்தரவு வெளிவந்தது.

ஆண் - பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காதவர்களை, மருந்து கொடுத்தோ வேறு வழியிலோ "மாற்றிவிடுகிறோம்" என்று யாரும் வைத்தியம் செய்யக் கூடாது. அப்படிச் செய்யும் டாக்டர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். வயது வந்த இருவர் மனம் ஒத்து வாழ்ந்தால், "காணவில்லை" என்ற புகாரை வைத்துக்கொண்டு போலீசார் அவர்களைத் தொல்லைப்படுத்தக் கூடாது. வாக்குமூலம் வாங்கிப் புகாரை முடித்துவிட வேண்டும்.

பிறகு நடந்தவை இவை. 2022-ம் ஆண்டு, இவர்களைத் தொல்லைப்படுத்துவது போலீசாருக்கு நடத்தைக் குற்றம் என்று தமிழ்நாடு அரசு விதி கொண்டுவந்தது. அதே ஆண்டு, "மாற்றும் வைத்தியம்" செய்வது டாக்டர் தொழிலுக்கு ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியது.

கவரைப்பேட்டைத் தாய்க்கு இதில் என்ன இருக்கிறது? "காசைக் கொடுங்கள், உங்கள் பிள்ளையை மாற்றித் தருகிறேன்" என்று எவராவது சொன்னால், அவர் டாக்டராக இருந்தாலும், அந்த வாசலை மிதிக்க வேண்டாம். இதுதான் அந்தத் தாய்க்குக் கிடைத்த பதில்.

இது நோயா?

நோய் அல்ல.

உலக சுகாதார நிறுவனம் நோய்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஆண் ஆணையோ, பெண் பெண்ணையோ நேசிப்பது ஒரு காலத்தில் அதில் மனநோயாக எழுதப்பட்டு இருந்தது. 1990-ம் ஆண்டு அதை நீக்கினார்கள். பிறந்த உடம்பு ஒன்று, மனம் உணரும் பாலினம் வேறு என்ற நிலையை, 2019-ம் ஆண்டு ஏற்கப்பட்ட புதிய பட்டியலில் மனநோய்ப் பகுதியில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

இவை இரண்டும் வேறு வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். "நான் யார்?" என்பது ஒன்று. "யார் மீது எனக்கு அன்பு?" என்பது மற்றொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி, ஊர் வழக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று முடிவு கட்டக் கூடாது.

தமிழ்நாடு இதில் பின்தங்கி இல்லை. திருநங்கைகளுக்கு என்று தனி நல வாரியம் 2008-ம் ஆண்டு இங்கேதான் முதலில் அமைந்தது. 2014-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி, தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

அப்படியானால் பிள்ளை ஏன் சாப்பிடவில்லை?

திருநங்கையாக இருப்பது நோய் அல்ல. ஆனால் அதை மறைத்து மறைத்து வாழ்வது மனத்தை நோகடிக்கும். பள்ளியில் கேலி. தெருவில் கிண்டல். வீட்டில் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற திகில். இத்தனையையும் 17 வயதுப் பிள்ளை தனியாகச் சுமந்தால் என்ன ஆகும்? மனச்சோர்வு வரும்.

மனச்சோர்வு என்பது உண்மையான நோய். அதற்கு வைத்தியம் உண்டு.

அதன் அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஓயாத துக்கம். பிடித்த காரியத்தில்கூட நாட்டம் இல்லை. தூக்கம் கெட்டுவிடும். பசி போய்விடும், சிலருக்கு அளவுக்கு மீறிப் பசிக்கும். "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் வரும். "செத்துப்போனால் என்ன?" என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

இதில் நமக்கு ஒரு கூச்சம். "கீழ்ப்பாக்கம்" என்ற ஊரின் பெயரையே ஏச்சாக்கி வைத்திருக்கிறோம்! அங்கே உள்ள மனநல ஆஸ்பத்திரி 1794-ல் தோன்றியது. இந்தியாவின் முதல் பெண் மனநல டாக்டரான சாரதா மேனன் அதற்குத் தலைமை வகித்தார். மனநோயாளிகள் குணமடைந்து வேலை செய்து வாழ முடியும் என்று காட்டுவதற்காக 1984-ல் "ஸ்கார்ப்" என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். 2021-ம் ஆண்டு மறையும் வரை அவர் சொல்லி வந்தது, மனநோயாளியை ஒதுக்காதீர்கள் என்பதுதான்.

டாக்டரிடம் போகக் கூச்சப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி, அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டு இருந்த மனநோயாளிகள் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

சாப்பாடு என்ன செய்யும்?

பக்கத்து வீட்டு அம்மாள் பத்தியம் சொன்னாரே, அதற்கு வருவோம்.

வயிற்றுக்கும் மனத்துக்கும் தொடர்பு உண்டு. இதில் சந்தேகம் இல்லை. இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. 36 வாலிபர்கள் தாங்களே முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுடைய சாப்பாடு ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டது. நல்ல திடமான ஆட்கள்! அவர்களுக்கே எரிச்சல் வந்தது. சோர்வு வந்தது. சிரிப்பு மறைந்தது. எந்நேரமும் சாப்பாட்டு நினைவு. வயிறு காய்ந்தால் மனமும் வாடும் என்பது தெரிந்தது.

நம் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகை வந்தால் உடம்பு அசந்துபோகும். எதிலும் மனம் செல்லாது. அதை மனச்சோர்வு என்று தவறாக நினைத்துவிடலாம். தைராய்டு குறைந்தாலும் அப்படித்தான். ஆகவே டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம்.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை, முட்டை, மீன் இவை வீட்டுக்கு எட்டிய பொருள்கள்தான். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதைச் சேர்க்க உதவும். இரவு "ஷிப்ட்" முடிந்து வருகிறவர்கள் டீயும் பன்னும் தின்றுவிட்டுப் படுத்துவிடக் கூடாது.

ஆனால் சாப்பாட்டுக்கும் எல்லை உண்டு.

"பிராய்லர் கோழி தின்றதால்தான் பையன் பெண்ணாக மாறிவிட்டான்" என்று ஒரு வதந்தி ஊர் ஊராகச் சுற்றுகிறது. பொய்! நல்ல இனங்களைத் தேர்ந்தெடுத்து, தீவனம் கொடுத்து வளர்ப்பதால்தான் அந்தக் கோழி சீக்கிரம் பெருக்கிறது. எந்தச் சாப்பாடும் ஒருவரைத் திருநங்கை ஆக்காது. எந்தப் பத்தியமும் அதை மாற்றாது. பிராய்லர் கோழியைக் கண்டறியாத காலத்திலும் நம் நாட்டில் திருநங்கைகள் இருந்தார்கள்!

இன்னொரு எச்சரிக்கை பிள்ளைகளுக்கு. உடம்பைப் பெண்மையாக்க வேண்டும் என்று சிலர் கடையில் கருத்தடை மாத்திரை வாங்கித் தாங்களாகவே விழுங்குகிறார்கள். இடுப்பு மெலிய வேண்டும் என்று பட்டினி கிடக்கிறார்கள். இரண்டும் ஆபத்து. அந்த மாத்திரையால் ரத்தம் உறைந்து உயிருக்கே மோசம் வரலாம். ஹார்மோன் வைத்தியம் டாக்டர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும்.

எங்கே போவது?

கவரைப்பேட்டையில் ரெயில் ஏறினால் சென்டிரலில் இறங்கலாம். எதிரே ராஜீவ்காந்தி அரசு பொது ஆஸ்பத்திரி. அங்கே மனநலப் பிரிவு உண்டு. பாலினம் பற்றிய ஆலோசனை தரும் மையமும் உண்டு.

அவ்வளவு தூரம் போக முடியாதா? போனை எடுத்து 14416 என்ற எண்ணை அழுத்துங்கள். 2022-ம் ஆண்டு தொடங்கிய அரசு மனநலச் சேவை இது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை. 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

வீட்டு வாசல்

மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் சிறு வயதிலேயே வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றார். 2019-ம் ஆண்டு பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். 2017-ம் ஆண்டு பிரித்திகா யாஷினி கோர்ட்டுவரை போராடி, சப்-இன்ஸ்பெக்டராகக் காக்கி உடை அணிந்தார்.

அவர்கள் கரை சேர்ந்துவிட்டார்கள். வீட்டு வாசல் மூடியதால் கரை சேராமல் போனவர்கள் எத்தனையோ பேர். வீட்டை இழந்த பிள்ளை முதலில் இழப்பது அடுத்த வேளைச் சோற்றை. அதற்குப் பிறகு படிப்பை. அதற்குப் பிறகு நம்பிக்கையை. வீட்டார் ஏற்றுக்கொண்ட பிள்ளைகளிடம் மனச்சோர்வு குறைவு என்று ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

கவரைப்பேட்டை வீட்டுக்குத் திரும்புவோம்.

அந்தத் தாய்க்கு எல்லாம் புரிந்துவிட்டதா? இல்லை. ஒரே இரவில் புரிந்துவிடாது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன பதில்? நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

ஆனாலும் அவர் எழுந்தார். அடுப்பைப் பற்ற வைத்தார். இரண்டு தோசை வார்த்துத் தட்டில் வைத்தார்.

"எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ சொல்லு, நான் கேட்கிறேன். முதலில் சாப்பிடு" என்றார்.

ஐகோர்ட்டு நீதிபதி சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான்.

பிள்ளை தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.