வண்டிக்கு ஜி.பி.எஸ். கட்டாயம் வேண்டுமா?

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

அறிவியல் நாளும் வளர்ந்துவரும் காலம் இது. தொப்பம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டிற்குள்ளோ அது ஒரு வழக்காகவே வந்து சேர்ந்தது.

என் தந்தையார் லாரி ஓட்டுநர். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்திற்குக் காய்கறி ஏற்றிச் செல்பவர். முதலாளி லாரியில் ஜி.பி.எஸ். கருவி பொருத்தியது முதல், தேநீர் குடிக்க நிறுத்தினாலும் கைப்பேசி ஒலிக்கிறது: "ஏம்ப்பா நின்னுட்டே?" அப்பாவுக்கு அது பெரிய அவமானம். "முப்பது வருசமா ஓட்டுறேன். என்னையத் திருடனாக்கிப்புட்டாங்க" என்பார்.

அம்மாவின் கட்சி வேறு. அக்காள் நூற்பாலைக்குச் செல்கிறாள். இரண்டாம் ஷிப்டு முடிந்து நள்ளிரவில் ஆலை வேன் வரும்வரை அம்மா தெருமுனையிலேயே நிற்பார். "வேன் எங்க வருதுன்னு தெரிஞ்சாப் போதும்" என்பது அவர் வாதம்.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். ஆகவே தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என்மீது விழுந்தது.

கருவி இயங்கும் விதம்

வானத்திலிருந்து யாரோ லாரியைப் பார்க்கிறார்கள் என்று அப்பா நினைக்கிறார். அது சரியன்று. ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், நேரத்தையும் தம் இருப்பிடத்தையும் வானொலி அலைகளாக அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. அது வந்துசேர எடுத்த நேரத்தை வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. மூன்று, இடத்தைக் கண்டறிய. நான்காவது, கருவியின் கடிகாரப் பிழையைத் திருத்த. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் கணக்கில் 300 மீட்டர் தவறிவிடும்!

கொடைக்கானல் பண்பலையைக் கேட்கும் வானொலிப் பெட்டி, கேட்பவர் யாரென்று நிலையத்திற்குச் சொல்வதில்லை. ஜி.பி.எஸ்.சும் அப்படியே, அது கேட்கும், பேசாது. பேசுவது கருவிக்குள் இருக்கும் சிம் அட்டை. அதுதான் கண்டறிந்த இடத்தைக் கணினிக்கு அனுப்புகிறது. ஆகவே, அது யாருக்குச் சொல்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சட்டம் சொல்வது

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. 2016இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125எச் என்ற விதி சேர்ந்தது. அதன்படி 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பொதுப் பயணியர் வாகனங்களில் இடங்காட்டும் கருவியும் ஆபத்துக்கால பொத்தானும் இருக்க வேண்டும். இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு விலக்கு உண்டு. பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் விழித்திருக்கும் ஓர் ஆளும் வேண்டும் என்பதை நாம் மறக்கலாகாது.

சொந்தக் கார்களுக்கு ஐரோப்பியர் வேறு வழி கண்டனர். 2018 மார்ச் 31 முதல் அங்கே புதிய வகைக் கார்களில் 'ஈகால்' என்னும் கருவி கட்டாயம். கடும் மோதல் நேர்ந்தால் அது தானே 112 எண்ணை அழைத்து இடத்தைச் சொல்லும். மற்ற வேளைகளில் வண்டியைப் பின்தொடராது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றமும் 2017இல் தீர்ப்பளித்துள்ளதன்றோ?

என் தீர்ப்பு

பிறர் உயிரை ஏற்றிச் செல்லும் பேருந்துக்கும் வேனுக்கும் கருவி கட்டாயம் வேண்டும். சொந்த வண்டிக்கு, ஆபத்தில் மட்டும் வாய் திறக்கும் கருவி போதும். கூலிக்கு ஓட்டுபவரின் வண்டியிலோ, பதிவு முதலாளிக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடாது. ஓட்டுநரும் அதைப் பார்க்க வேண்டும். மோட்டார் தொழிலாளருக்கு நாளுக்கு 8 மணி நேர வேலை என்று 1961இலேயே சட்டம் இயற்றினார்கள். வண்டி நின்றதைச் சொல்லும் கருவி, நிற்காமல் ஓடியதையும் சொல்லுமே!

இதைச் சொன்னபோது அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப நான் தூங்காம ஓட்டுன ராத்திரியெல்லாம் அதுல இருக்குமா?"

இருக்கும். அதைக் கேட்பதற்கும் ஒருவர் வேண்டும் என்பதே என் கருத்து.