சதுர அடிக்கு மட்டுமா விலை?

'ஸ்டேஷனில் இருந்து பத்தே நிமிடம்!' புறநகர் மனை விளம்பரம் எதை எடுத்தாலும் இந்த வரி இருக்கும். யாருடைய பத்து நிமிடம் என்பதுதான் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, காலி ரோட்டில், புரோக்கரின் காரில் போனால் பத்து நிமிடம். திங்கட்கிழமை காலை டிபன் டப்பாவோடு ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கும் பெண்ணுக்கு?

நாங்கள் கூடுவாஞ்சேரிக்குக் குடிவந்து பல வருஷம் ஆகிறது. இங்கே அக்கம்பக்கத்தில் மனை விலையைப் பார்த்துப் பார்த்து நான் தெரிந்து கொண்டது ஒன்றுதான். விலையை ஏற்றுவதும் குறைப்பதும் கிலோமீட்டர் இல்லை, கடிகாரம்!

கடற்கரை - தாம்பரம் தடத்தில் 1931ல் இருந்தே மின்சார ரயில் ஓடுகிறது. அடிக்கடி வண்டி உண்டு. தாம்பரத்தைத் தாண்டி செங்கல்பட்டு வரை போகும் வண்டிகள் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத்தான் நமக்கு 'மலிவு விலை' என்று விற்கிறார்கள்.

வரப்போகும் ரயிலுக்கும் சேர்த்து விலை சொல்வார்கள், ஜாக்கிரதை! வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007ல் வந்துவிட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு சுமார் 5 கி.மீ. தான். 2008ல் தொடங்கிய அந்த வேலை, ஆதம்பாக்கம் பக்கம் சுமார் 500 மீட்டர் நிலத்துக்கான வழக்கில் சிக்கி, 15 வருஷத்துக்கும் மேல் இழுத்தது. 'ரயில் வரப்போகுது' என்ற பேச்சை நம்பி வாங்கியவர்கள் அத்தனை வருஷமும் பஸ்ஸுக்குத்தான் நின்றார்கள்.

போன வருஷம் என் தங்கை வீடு பார்த்தாள். அவளுக்கு எழும்பூரில் வேலை, அவள் கணவருக்கு ஒரகடத்தில். மறைமலை நகர் பக்கம் தோட்டத்தோடு தனி வீடு, தோதான விலை. மாமியாருக்கும் பிடித்துப்போய், அட்வான்ஸ் கொடுக்க நாள் பார்த்தாகிவிட்டது.

"அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் எங்க வீட்ல தங்குடி. தினமும் அந்த வீட்டு வாசல்ல இருந்தே ஆபீசுக்குக் கிளம்பிப் பாரு" என்றேன்.

செய்தாள். வாசலில் இருந்து ஆபீஸ் நாற்காலி வரை இரண்டு மணி நேரம். திரும்பி வர இரண்டு. மாதம் 25 நாளைக்கு 100 மணி நேரம். வருஷத்துக்கு 1,200 மணி, அதாவது முழுசாக 50 நாள்! மாப்பிள்ளைக்கோ அதே வீட்டில் இருந்து அரை மணிதான். வீடு ஒன்று, விலை இரண்டு!

"அக்கா, தோட்டம் யாருக்கு? விடியறதுக்குள்ள கிளம்பி, விளக்கு வெச்சப்புறம் வர்றவளுக்கா?" என்று கேட்டாள்.

கணக்கை நோட்டில் எழுதி எல்லார் முன்னாலும் வைத்தோம். மாப்பிள்ளை பேசவில்லை. மாமியார்தான், "வீடு பெரிசா இருந்து என்னடா, மருமக முகத்தையே பாக்க முடியலேன்னா?" என்றார்.

கடைசியில் தாம்பரத்தில் சின்ன பிளாட். அங்கிருந்தே கிளம்பும் வண்டிகள் இருப்பதால் உட்கார இடம் கிடைக்கிறது. அவளுக்கு ஒன்றேகால் மணி. அவருக்கு கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி. மாதத் தவணை கூடுதல்தான், கையைக் கடிக்கிறது. ஆனால் அவளுக்கு மாதம் 37 மணி நேரம் மிச்சம். மாமியார் பால்கனியில் தொட்டி வைத்துத் துளசியும் கறிவேப்பிலையும் வளர்க்கிறார்.

சகோதரிகளே, மனை பார்க்கப் போனால் வேலை நாளில் போங்கள். ஸ்டேஷனுக்கு நடந்து பாருங்கள். ராத்திரி கடைசி வண்டி எப்போது, அதில் இறங்கினால் வீட்டுக்கு வர வழி என்ன என்று விசாரியுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம் என்று தனித்தனியாக எழுதுங்கள். விலை பேசுவது ஆண்கள் காரியம் என்று மட்டும் ஒதுங்கிவிடாதீர்கள். பத்திரத்தில் எழுதாத அந்த நேரத்தைத் தினம் தினம் கட்டப் போவது நாமும்தானே!

- ஒரு வாசகி, கூடுவாஞ்சேரி.