சங்கச் சந்தா கட்டாயமாகலாமா?

ஊர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வைப்பது நம் பக்கத்து வழக்கம். வரி கொடாதவன் தெருவிலும் தேர் வரும். அவனும் கண்ணாரத் தரிசிப்பான். ஆனால் எல்லோருமே கொடாதிருந்தால் தேர் நிலையை விட்டு நகருமா? தொழிற்சங்கச் சந்தா விஷயத்திலும் இதே கேள்வி எழுகிறது. அமெரிக்க நாட்டில் இது உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது.

அந்நாட்டின் பல மாநிலங்களில், சர்க்கார் ஊழியர்களில் பெரும்பான்மையோர் தேர்ந்தெடுக்கும் ஒரே சங்கம் அப்பிரிவினர் அனைவருக்காகவும் சம்பளம், வேலை நேரம் முதலியவற்றைப் பேசி முடிக்கிறது. சங்கத்தில் சேராதவருக்காகவும் பாரபட்சமின்றிப் பேசுவது அதன் சட்டக் கடமை. பலனை அனுபவிப்பவர் செலவிலும் பங்கு கொள்ள வேண்டாமா என்று சங்கங்கள் கேட்டன. டெட்ராய்ட் நகர ஆசிரியர்கள் தொடுத்த அபூட் வழக்கில், 1977-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு நடுவழி கண்டது. பேச்சுவார்த்தைச் செலவுக்காக உறுப்பினரல்லாதாரிடமும் கட்டணம் பெறலாம். அரசியல் பிரசாரத்துக்குப் பெறலாகாது என்றது.

நாற்பது ஆண்டுகள் கழித்து அவ்வழி அடைபட்டது. இல்லினாய் மாநில ஊழியரான மார்க் ஜேனஸ் என்பவர் சங்கத்தில் சேரவில்லை. எனினும் அவர் சம்பளத்தில் மாதம் 44.58 டாலர் பிடிக்கப்பட்டது. முழுச் சந்தாவில் அது ஏறத்தாழ 78 சதவிகிதம். சர்க்காரிடம் சம்பளம் பேசுவது பொதுப் பணத்தைப் பற்றிய பேச்சு. ஆகவே அதுவும் அரசியலே. ஒப்பாத கருத்துக்குப் பணம் கொடுக்கச் செய்வது பேச்சுரிமைக்கு விரோதம் என்பது அவர் வாதம். 2018-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி, ஐந்து நீதிபதிகள் அதை ஏற்றனர், நால்வர் மறுத்தனர். நீதிபதி அலிட்டோ எழுதிய தீர்ப்பு, ஊழியரின் தெளிவான சம்மதமின்றிக் கட்டணம் பிடிக்கலாகாதென்று கூறிப் பழைய தீர்ப்பை ரத்துச் செய்தது. மாறுபட்ட நீதிபதி கேகன், கொடாமலே பலன் கிட்டுமென்று அறிந்தால் சங்கத்தை விரும்புவோரும் விலகிவிடுவர் என்று எச்சரித்தார். தனியார் நிறுவன ஊழியரை இத்தீர்ப்பு தொடவில்லை.

நம் நாட்டில் நிலைமை என்ன? மத்திய சர்க்காரின் சிவில் ஊழியர் சங்கங்கள் பலவற்றுக்கு 1993-ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். அவற்றின்படி, ஊழியர் எழுதிக் கொடுத்தால்தான் சம்பளப் பட்டியலில் சந்தா பிடிக்கப்படும், கட்டாயம் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலைக் கொண்டுதான் சங்கத்தின் உறுப்பினர் தொகை கணக்கிடப்படுகிறது. பொதுவாக, பிரிவினரில் 35 சதவிகிதம் பேராவது உறுப்பினராக இருந்தால்தான் அங்கீகாரம். ஆகவே நாம் எழுதிக் கொடுக்கும் சிறு தொகை வெறும் நன்கொடையன்று. அது ஒரு வாக்குச் சீட்டையும் ஒக்கும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தியன்று. பாஷை பழகாத ஊரில், இடமாற்றமோ குடியிருப்போ பற்றிக் குறை வரும்போது, தனி மனிதனின் மனு மேஜையில் உறங்கலாம். சங்கத்தின் குரல் செவியில் ஏறும். எவரையும் வற்புறுத்திப் பணம் பெறலாகாது என்பது ஒரு நியாயம். பிறர் இழுத்த தேரைச் சும்மா நின்று பார்ப்பது அழகன்று என்பது மற்றொரு நியாயம். முன்னதைச் சட்டம் காக்கும். பின்னதை நாமேதான் காக்க வேண்டும்.