இரவு பதினோரு மணி முதலை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்கள் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் இறங்குவது வழக்கம். 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று தொடங்கிய இடம். தொட்டிச் சுவரை எட்டிப் பார்க்கும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “டைனோசர் காலத்திலிருந்து மாறாத விலங்கு.”

பரிணாமத்தை எளிமையாகச் சொல்லும் எழுத்தில் இவ்வளவு வேகமாக மனத்தைப் பிடிக்கும் வாக்கியம் அரிது. கோடி ஆண்டு என்பது மனத்தில் தங்காத எண். இந்த வாக்கியம் அதைக் கண்ணெதிரே கிடக்கும் ஓர் உடம்பின்மேல் ஏற்றிவிடுகிறது. முதலையும் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கிறதா, ‘அசையாதது’ நமக்குத் தெரியாமலே ‘மாறாதது’ ஆகிவிடுகிறது.

இந்த உத்திக்குப் பெயர் சூட்டியவர் டார்வினேதான். பாறையில் பதிந்து கல்லான உயிரெச்சத்தைப் புதைபடிவம் என்கிறோம். 1859இல் வந்த தம் நூலில் பிளாட்டிபஸ் போன்ற சில விலங்குகளை அவர் ‘வாழும் புதைபடிவம்’ என்றார். அந்தப் பட்டம் பின்னாளில் முதலைக்கும் ஒட்டிக்கொண்டது.

உண்மையான புதைபடிவங்களோ வேறு கதை சொல்கின்றன. முதலை வம்சத்தின் தொடக்ககால உறுப்பினர் சிலர் நீண்ட கால்களோடு தரையில் ஓடிய சிறு விலங்குகள். ஜுராசிக் கடலில் துடுப்புக் கால்களும் மீன்வாலும் கொண்ட உறவினர்கள் நீந்தினார்கள். மடகாஸ்கரில் கிடைத்த சிமோசூக்கஸ், சப்பை மூக்குடன் இலைதழை தின்றதாகக் கருதப்படும் முதலை!

இந்த வம்சத்தின் சுமார் 23 கோடி ஆண்டுகளை ஒரே நாளாகச் சுருக்கினால், பறவைகள் தவிர்த்த டைனோசர்கள் மறைந்தது மாலை ஐந்து மணி வாக்கில். வடநெம்மேலியில் வெயில் காயும் சதுப்பு முதலையின் பேரினம், அதாவது மிக நெருங்கிய இனங்களின் குழு, மரபணுக் கணக்குப்படி தோன்றியது இரவு பதினொன்றை ஒட்டித்தான்.

உள்ளே பார்த்தால் வியப்பு இன்னும் கூடுகிறது. பல்லிக்கும் பாம்புக்கும் இதயத்தில் மூன்று அறை. முதலைக்கு நம்மைப் போல நான்கு. நமக்கு இல்லாத வசதி ஒன்றும் உண்டு. நுரையீரலுக்குப் போகவேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதியை உடலுக்கே திருப்பிவிட, பற்கள்போல் கோத்துக்கொள்ளும் தசைமுனைகள் நுரையீரலுக்குச் செல்லும் குழாயின் வாசலில் இருக்கின்றன.

முட்டையில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம் முடிவு செய்வதில்லை. மணலின் வெப்பம் முடிவு செய்கிறது. சதுப்பு முதலையில் 31 டிகிரி வரை பெண், 32.5ஐ ஒட்டிப் பெரும்பாலும் ஆண். இந்தப் பண்ணையின் முட்டைகளும் இதை அறிய உதவின. ஒன்றரை டிகிரி இடைவெளியில் ஒரு தலைமுறையின் ஆண்-பெண் கணக்கே புரண்டுவிடுகிறது! ‘மாறாதது’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை முட்டைக்குள் என்ன நடக்கிறது என்று ஏன் கேட்கப் போகிறது? எனக்கு அந்த வாக்கியத்தின்மேல் உள்ள மனக்குறை இதுதான்.

இன்னொரு கவர்ச்சி, விலங்குக்கு நோக்கம் ஏற்றிச் சொல்வது. இதே பண்ணையில் மூக்கின்மேல் குச்சிகளோடு ஆழமில்லாத நீரில் கிடந்த முதலையை விளாடிமிர் தினெட்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்தார். கூடு கட்டக் கொக்குகள் குச்சி தேடும் பருவம் அது. அமெரிக்காவின் லூசியானாவில் அவரும் உடன் ஆய்வாளர்களும் எண்ணிப் பார்த்தபோதும், கூடு கட்டும் பருவத்தில்தான் குச்சி சுமந்த முதலைகள் அதிகம். 2013இல் ஆய்வு வெளிவந்ததும் ‘கருவி பயன்படுத்தும் முதலை’ உலகச் செய்தியானது. குச்சியை முதலை தூண்டிலாகவே வைத்ததா, மிதந்து வந்து தங்கியதா? இந்தக் கேள்விக்கு விடை தேட, பறவைக் கூடே இல்லாத குளங்களிலும் அதே பருவத்தில் குச்சி சுமக்கும் முதலைகளை எண்ணி ஒப்பிட வேண்டும்.